சிப்பி எண்ணிய வாத்தியார்

எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த வாத்தியாரின் வேலையைப் போக்கியவன் நான். பொய் சொல்லிப் போக்கவில்லை. உண்மையைச் சொல்லித்தான் போக்கினேன், அதற்காக எனக்குப் பரிசும் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது அழுகிய சிப்பியின் நாற்றம்தான். கடலிலிருந்து அள்ளி வந்த முத்துச்சிப்பியைத் தொட்டிகளில் கொட்டி, சதை அழுகிக் கரையும்வரை நாள்கணக்கில் விட்டுவைப்பார்கள். பிறகுதான் அலசி முத்துத் தேடுவார்கள். பங்குனிக் காற்று திரும்பும்போதெல்லாம் அந்த நாற்றம் தூத்துக்குடித் தெருக்களுக்குள் புகுந்து சோற்றிலும் தலையணையிலும் கோயில் சாம்பிராணிப் புகையிலும்கூட ஏறிக்கொள்ளும். முத்துக்குளிப்பை எங்கள் தெருவில் "சலாபம்" என்பார்கள். சலாபம் வந்துவிட்டால் ஈக்களோடு சேர்ந்து ஊரும் கடற்கரைக்குப் போய்விடும்.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். சலாபத்தின்போது வேறு சில கடைக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து, அரசாங்கம் ஏலம் விடும் சிப்பியில் ஒரு பங்கு எடுப்பார். முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். எங்கள் கடையில் மாதம் முழுவதும் கடனுக்கு அரிசி வாங்குகிறவர்களில் சூசை வாத்தியாரும் ஒருவர். நான் படித்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் அவர். அவருடைய சம்பளம் சொற்பம். அதுவும் சொன்ன தேதியில் வந்ததில்லை. அவர் தெருமுனையில் தலைகாட்டியதுமே அப்பா கடைப்பையனிடம், "வாத்தியாரு வாராரு, நல்ல அரிசியை உள்ளே தள்ளு" என்பார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, "பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்குறது புண்ணியம்லா? புண்ணியத்துக்குக் கூலி கேட்டா நல்லாவா இருக்கு?" என்று சிரிப்பார். கடையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். புளிக்கும் பருப்புக்கும் விலை இருப்பது யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

சூசை வாத்தியார் கரும்பலகையில் எங்கள் கடற்கரையைச் சாக்பீஸால் ஒரே இழுப்பில் வரைவார். மணப்பாட்டு முனையில் கை கொஞ்சம் வளையும், தூத்துக்குடி வந்ததும் நிற்கும். "இங்கனதாம்லே நீ உக்காந்திருக்க" என்று ஒரு புள்ளி வைப்பார். உலகத்தில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று எனக்கு முதலில் காட்டியது அந்தப் புள்ளிதான்.

அந்த வருடச் சலாபம் நடந்துகொண்டிருந்தபோது வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று சொல்லி எங்கள் வகுப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அப்பாவோடு சிப்பிக் கொட்டகைக்குப் போனேன். ஏலத்துக்கு முன்னால் சிப்பியை எண்ணிக் குவிக்கும் ஓலைக் கொட்டகை அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைக் கணக்குக் குறிக்கக் கூலிக்கு வைத்திருந்தார்கள். அந்த வரிசையில், மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார் சூசை வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தொண்டை வறளக் கத்திச் சம்பாதிப்பதை அந்த நாற்றத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தால் சம்பாதித்துவிடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க வருவதுபோல எழுந்து வந்தார்.

"ஏலே, இங்கன என்னலே பண்ணுத?"

"அப்பா கூட வந்தேன் சார். ஒங்களுக்குக் காச்சல்னு சொன்னாங்க?"

"காச்சல்தாம்லே. உங்கப்பா கடைப் பாக்கிய நினைச்சாலே அடிக்கிற காச்சல்." சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல மூச்சு விட்டிராத, என்ன? வேல போயிரும்லே."

"சொல்ல மாட்டேன் சார்."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

சலாபம் முடிந்து அவர் வகுப்புக்குத் திரும்பினார். அடுத்த சில நாட்களில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் வரைபடத்தில் ஊர்களைத் தொட்டுக் காட்ட ஒரு பையனைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் என்பதால் அது நானாகத்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லி, புதுச் சட்டையும் தைத்து வைத்திருந்தேன். வாத்தியார் ஒரு மீன்பிடிக்காரர் மகனை எழுப்பி நிறுத்தினார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதைப் பார்த்து, "நீ கடலக் கரையிலருந்து பாத்தவன். அவன் போயிட்டு வந்தவன்லா? அவன் காட்டட்டும்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். நியாயமான தேர்வுதான் என்று இன்று தெரிகிறது. அன்று அந்தச் சிரிப்பு மட்டுமே என் காதில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். மீன்பிடிக்காரர் மகன் எல்லா ஊரையும் சரியாகத் தொட்டுக் காட்டினான். பிறகு கணக்கு கேட்டார், நாங்கள் விழித்தோம். பாடம் ஏன் பின்தங்கிக் கிடக்கிறது என்று அவர் கேட்க, காய்ச்சலில் படுத்துவிட்டதாக வாத்தியார் சொன்னார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே எழுந்து நின்றேன்.

"காச்சல் இல்ல சார். வாத்தியார் சிப்பிக் கொட்டகைல கூலிக்குச் சிப்பி எண்ணிட்டிருந்தார். நான் பாத்தேன்."

வாத்தியார் மறுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்னை அருகில் அழைத்து, "உண்மை பேசுற பையன்" என்று முதுகில் தட்டித் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எனக்குக் கொடுத்தார். வகுப்பைக் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். உண்மை பேசும் ஆசையில் நான் எழுந்திருக்கவில்லை, வன்மத்தில்தான் எழுந்தேன் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

பேனாவை வீட்டில் காட்டினேன். கதையைக் கேட்ட அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே கூறுகெட்டவனே, அந்தாளு வேல போயிட்டா கடப் பாக்கிய எவன்லே தருவான்?" என்றார். வாத்தியாருக்காக என் வீட்டில் வருந்திய ஒரே விதம் அதுதான்.

வேலை போயிற்று. எங்கள் வகுப்பு அந்த வருடத்தின் மிச்ச நாட்கள் முழுவதும் வாத்தியார் இல்லாமலே ஓடியது. நான் மேலே படித்தேன், பட்டம் வாங்கினேன், துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். ஒருநாள் கப்பலடியில், மூட்டைகள் இறங்குவதை எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்த நரைத்த மனிதரைப் பார்த்து நின்றுவிட்டேன். சரக்கு ஏஜென்ட் ஒருவரிடம் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அருகில் போய், "சார், நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்லே. உன் மூஞ்சி மறக்குமா?"

"மன்னிச்சிருங்க சார்."

"எதுக்கு? வாத்தியாரா இருந்ததவிட இங்கன சம்பளம் கூடத்தான். சொன்ன நாள்ல வருது. பிள்ளைக மூணு நேரமும் சாப்பிடுது. மூட்டையும் நல்ல மூட்டைலே, இன்ஸ்பெக்டர் வந்தா எந்திரிச்சு நிக்காது." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எம் மவன் ஒருநாள் கணக்கு கேட்டான். சொல்லிக் குடுக்க வாய் வரலலே. எவன்ட்டயாவது போய்க் கேளுன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மூட்டைகளை எண்ணத் தொடங்கினார். பிறகு சில வருடங்களில் இறந்துபோனார்.

சலாபம் என்ற சொல்லே இன்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கொட்டகை போட்ட மணலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. காற்று திரும்பினால் நிலக்கரித் தூசிதான் வருகிறது. வாத்தியார்கள் போராடி ஓரளவு நல்ல சம்பளம் வாங்கிவிட்டார்கள். டீக்கடையில் அதைச் சொல்லிப் பொருமாதவர்கள் குறைவு. ஆனால் அதே பள்ளிக்கூடங்களில், அதே பாடத்தை, தற்காலிகம் என்ற பெயரில் அற்பத் தொகைக்கு நடத்துகிறவர்களைப் பற்றி அந்த டீக்கடையில் பேச்சே எழுவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் படித்த பள்ளிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புக்கு வாத்தியார் இல்லை. இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து ஓட்டுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். அரசாங்கம் ஆள் போடும்வரை என் பென்ஷனிலிருந்து ஒருவருக்குச் சம்பளம் தருகிறேன் என்றேன். உடன்குடிப் பக்கத்துப் பெண், மலர்விழி, வந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள், நன்றாக நடத்தினாள். கடனைக் கழித்துவிட்டவன்போலச் சில மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். பள்ளி விட்டதும் அவள் ஜவுளிக்கடைக்குப் போய் பில் போடுகிறாள் என்பதும், நான் கொடுப்பது கட்டட வேலைக்குப் போகும் சித்தாளின் கூலிக்கும் குறைவு என்பதும் பிறகுதான் உறைத்தது.

வருடங்கள் போயும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. கேட்டால் தலைமையாசிரியை தயங்கினார். "ஆபீஸ்ல கேட்டேன் சார். 'ஒங்க ஸ்கூல்லதான் வகுப்பு நடக்குதுல்லா டீச்சர், ஆளே இல்லாத ஸ்கூல மொதல்ல பாப்போம்'ங்காங்க."

நான் பணத்தை நிறுத்தினால் ஆள் போடுவார்கள் என்று மலர்விழியிடம் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "நிறுத்திராதீங்க சார். போடுத ஆள் நானா இருக்க மாட்டேன். எனக்கு முன்னால எத்தனையோ பேர் காத்திருக்காங்க. எனக்கு இதுவும் போயிரும்."

"இது உனக்குப் பத்துதாம்மா?"

"பத்தாது சார்." ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, "கொஞ்சம் கூட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

மருந்துச் செலவும் வீட்டு வரியும் மனதில் ஓடின. "பாப்போம்மா" என்றேன். சம்பளம் கேட்கும் வாத்தியாருக்கு மேலிடத்தில் இருப்பவன் சொல்லும் பதில் என் வாயிலிருந்து எவ்வளவு இயல்பாக வந்துவிட்டது. மணி அடித்தது. அவள் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.