புகைபோட்ட நாவல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு இப்போது கதை எழுதுவதுதான் வேலை. ஆனால் அடுத்தவர் எழுதிய நாவலை நிம்மதியாக வாசிக்க மட்டும் இன்றுவரை வாய்க்கவில்லை. இருபதாம் பக்கத்தில் ஒருவர் இருமினால் போதும், இவர் இருநூறாம் பக்கத்தைத் தாண்டமாட்டார் என்று புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். கவிதை இன்னும் மோசம். நாலே வரி, அதற்குள் யாரோ யாரையோ பிரிந்துவிடுகிறார்கள். ஆட்களை உயிரோடு, ஒன்றாக விட்டுவைத்தால் இந்த எழுத்தாளர்களுக்கு என்னதான் கெட்டுப்போகிறது?

இந்த வியாதி எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா வளைகுடாவில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். அம்மாவும் சித்தியும் ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக அடித்து, புகையில் காய்வதற்குப் புகையறையில் தொங்கவிடுவார்கள். அந்த வேலை முடிந்ததும் அம்மா கைகழுவிவிட்டு நூலகத்து நாவலை எடுப்பாள். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் அதன் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். வெளிநாட்டுக்குப் போன கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

அம்மா இதை வாசித்தால் என்ன ஆவாள்? அதைவிடப் பெரிய பயம், அவள் வாசித்து முடித்தால் அப்பாவுக்கும் அப்படியே நடந்துவிடும் என்பது. எப்படி என்று கேட்காதீர்கள், அப்படித்தான் தோன்றியது. வாளியைக் கவிழ்த்து ஏறி, புகையறையில் ஷீட் தொங்கும் கம்புகளுக்கு மேலே புத்தகத்தைச் செருகிவிட்டேன்.

மறுநாள் வீடு இரண்டுபட்டது.

“ஏட்டி, நீயா எடுத்த?” என்று அம்மா சித்தியைப் பிடித்தாள்.

“எனக்கெதுக்கு உனக்க பொஸ்தகம்? அரைப்பக்கம் வாசிச்சா எனக்கு உறக்கம் வந்துரும்.”

இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்ததும் பிடுங்கி, “அப்பா, உயரத்துல ஏறாண்டாம்,” என்றேன்.

“நான் வண்டில்லா மக்கா ஓட்டுகேன்? உயரத்துக்கு எங்க போக?” என்று சிரித்தார். அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று யாராவது வேறு நாவல் எழுதியிருப்பார்கள்.

ஷீட் இறக்கிய அன்று புத்தகம் அம்மாவின் தோளில் வந்து விழுந்தது. கருப்பட்டி நிறம், தாங்க முடியாத புகை நாற்றம். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“சவமே, இத எதுக்குட்டி இங்க கொண்டு வச்ச?”

“கடைசியில அவரு செத்துப் போவாரும்மா!” என்று அழுதுவிட்டேன்.

“அது எனக்குத் தெரியாதா? கடைசிய வாசிச்சிட்டுதானே நான் தொடங்குனதே.”

எனக்கு அழுகை நின்று எரிச்சல் வந்தது. ஐந்து நாள் சோறு இறங்காமல் நான் கிடந்தது பின்னே எதற்கு?

“தெரிஞ்சிட்டு என்னத்துக்கு வாசிக்க?”

அம்மா புகையறை வாசலிலேயே உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தேடி எடுத்தாள். “இந்தப் பக்கத்துல அவன் இருக்காம்லா,” என்றாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவன் ஏதோ கடையில் நின்றுகொண்டு, மகளின் கால் இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று செருப்பு அளவு யோசித்துக்கொண்டிருந்தான். வேறொன்றும் நடக்கவில்லை. அம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே இருந்தாள். கடைசியை அவள் முன்பே வாசித்தும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இனி இந்தப் புத்தகத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

“சீக்கிரம் வாசிச்சு முடிம்மா, திருப்பிக் குடுக்கணும்லா,” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.