சாம்பல் பூசாத கை

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன். இப்படி ஒரு விஷயத்தை எழுத வந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முந்திரிக் கொட்டகையில் வேலை செய்கிற ஆண்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அறுபதுகளில் காடாம்புலியூரில் கொட்டை வறுக்கும் வேலையில் இருந்தேன். பச்சைக் கொட்டையின் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்துபோகும். கொட்டை உடைக்கிற பெண்கள் உட்காருவதற்கு முன்பே கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். ஆண்கள் பூச மாட்டோம். அது பொம்பளை வேலை என்று ஒரு வீம்பு. எங்கள் உள்ளங்கையும் காய்த்துப் போயிருந்ததால் எண்ணெய் பட்டாலும் உறைக்காது.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணமாகி, ஆடிக்கு மனைவியைச் சிதம்பரத்தில் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆவணி பிறந்ததும் நான் போய்க் கூட்டி வர வேண்டும். ஆடிக் கடைசியில் ஒரு மத்தியானம், கொட்டை அள்ளிய கையோடு கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தேன். சாயங்காலம் எரிச்சல் எடுத்தது. காலையில் பார்த்தால் ஆண்குறி வீங்கித் தோல் கொப்பளித்திருந்தது. யாரிடம் சொல்வது? சுண்ணாம்பைக் குழைத்துத் தடவி, கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எரிச்சல் இரண்டு பங்கானது. இனி நான் ஒருத்திக்குப் புருஷனாக இருக்க முடியுமா என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மனைவியின் அண்ணன் என்னை அழைக்க வந்து நின்றார். என் நடையைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன மாப்ள, குதுர மேல வந்து எறங்குன மாரி நடக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல மச்சான்.”

“ஒண்ணுமில்லாததுக்கா கால இப்புடி அகட்டுறீங்க? சொல்லுங்க, இல்லன்னா தங்கச்சிய இங்கயே கூட்டியாந்து கேக்கச் சொல்றேன்.”

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. பண்ருட்டி போய் பஸ் மாறிக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் பார்த்துவிட்டு, “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “முந்திரியா? கையக் கழுவாம போனியா?”

“வந்தப்புறம் கழுவுனேன் சார்.”

“எல்லாரும் அப்புடித்தான் கழுவுறாங்க. முந்திரி வேல செய்யிறவங்க போறதுக்கு முன்னாடியும் கழுவணும். வெறும் தண்ணிக்கு அந்த எண்ணெ போவாது. தேங்கா எண்ணெ தேச்சித் தொடைச்சிட்டு, சோப்பு போட்டுக் கழுவு. உள்ளங்கைத் தோலு தடிப்பு, அங்க இருக்கிறது மெல்லிசு. தாங்குமா? வெந்த எடத்துல சுண்ணாம்ப வேற போட்டிருக்க.”

மச்சான்தான் கேட்டார்.

“குடும்பம் நடத்த ஒண்ணும் கொறையிருக்காதே சார்?”

“மேல்தோலு மட்டுந்தான் வெந்திருக்கு. உரிஞ்சி புதுசா வந்துடும். நல்லா ஆறுற வரைக்கும் தனியா படுக்கட்டும். கோவணம் வேணாம், தொளதொளன்னு வேட்டி போதும். ஒண்ணுக்குப் போவ முடியலன்னாலோ, தோலு கறுத்தாலோ, சொரம் வந்தாலோ வெக்கப்படாம ஒடனே ஓடியா.”

வெளியே வந்ததும் பசித்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லி வாங்கிக் கொடுத்தார் மச்சான். நான் சாப்பிடுவதைப் பார்த்து, “இப்பத்தான் மாப்ள மாரி இருக்கீங்க” என்றார். என் காலில் எண்ணெய் கொட்டிவிட்டதாகத் தன் வீட்டில் சொல்லி, நான் வரும் நாளைத் தள்ளிப்போடுவதாகவும் சொன்னார்.

ஆவணி பாதியில் எல்லாம் ஆறிப்போய்ச் சிதம்பரம் போனேன். மாமியார் வாசலிலேயே என் காலைப் பார்த்தார்.

“எந்தக் கால்ல தம்பி கொட்டுச்சி? தழும்பே காணோமே.”

“அதெல்லாம் காஞ்சிப் போச்சிம்மா. மொதல்ல சோத்தப் போடு” என்றார் மச்சான், என் பக்கம் திரும்பாமல்.

சாப்பிட்டபின் கிணற்றடியில் மனைவியும் அதையே கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. மெதுவாகச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு, “இப்ப வலிக்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“அப்ப நாளைக்கே ஊருக்குப் போலாம்” என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் ஊருக்கு வந்தோம். அடுப்புச் சாம்பலைச் சலித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.