ஏசி நிறுத்தாத பதிவு

உருகும் ஈயத்திலிருந்து எழும் புகைக்குச் சாம்பிராணி போல ஒரு வாசனை உண்டு. இப்போதும் டிவி ரிப்பேர்க் கடை எதையாவது தாண்டினால், ஷார்ஜாவில் என் தம்பி செந்தில் நடத்திய பட்டறையும், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அவன் மகள் கயல் சின்னப் பிள்ளையாக இருந்த அந்தக் கோடையும் நினைவுக்கு வந்துவிடும். என் சிறு வயது தறிச் சத்தத்திலேயே போய்விட்டதால், பிள்ளைப் பருவம் என்றால் எனக்கு அவளுடையதுதான் ஞாபகம்.

ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மைக் பெட்டிகள் செய்தோம். நான் தகடு வெட்டுவேன், தம்பி மனைவி மாலதி ஈயம் வைப்பாள், தம்பி இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேர் எழுதுவான். ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகுமுன் மாலதி ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லி அதில் பதிவாக வேண்டும். "ஏசி கட்!" என்று தம்பி கத்துவான், ஆகஸ்ட் வெயிலில் எல்லோரும் வேர்த்து ஊற்ற, மூச்சடக்கி உட்கார்ந்திருப்போம்.

"ஏனுங் மாமா, உங்க தம்பிக்கு நாமென்ன இட்லிங்களா, இப்படி ஆவியில வேக வெக்கறாரு?" என்பாள் மாலதி.

நோய் முற்றி அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும் ஏசியை நிறுத்தவில்லை. எண்ணுக்கு எண் மூச்சை இழுத்து விட்டுச் சொல்லி முடித்தாள்; வளையல் மேசையில் இடித்தது. "கலாஸ், முடிஞ்சுது," என்று அரபியும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தாள். அவள் திரும்பி வரவில்லை. சோதனைப் பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஒன்றுதான் மிஞ்சியது. பள்ளி விட்டு வந்து ஹெட்ஃபோனில் அதைக் கேட்டால்தான் கயலுக்குச் சோறு இறங்கும்.

ஏசி இரைச்சல் தம்பியை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைக்கு நல்லதாகக் கொடுப்போம் என்று தன் சாஃப்ட்வேரில் சுத்தம் செய்து, தொழில் பழக்கத்தில் பழைய பதிவின் மேலேயே சேமித்துவிட்டான்.

கயல் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "அப்பா, அம்மா மூச்சே விடல."

"எரைச்சலத்தான் எடுத்தனம்மிணி. இப்ப கிளியரா இருக்குதில்ல?"

"வளையலும் காணோம். பழசக் குடுங்கப்பா."

தம்பி என்னைப் பார்த்தான். தகட்டில் வெட்டித் தரக்கூடிய பொருளா அது? "கல்லைப் பொறுக்குகிறேன் என்று அரிசியைக் கொட்டாதே" என்பார் எங்கள் அப்பா.

அதன்பின் எதைச் சுத்தம் செய்தாலும் பழைய பதிவு தனியே நிற்கும்படி சாஃப்ட்வேரை மாற்றினான். "பாய், டிஸ்க் நெறஞ்சு போகுது, அத எடுத்துடுங்க" என்று பர் துபாய் ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து போன் வரும். கடைசிவரை எடுக்கவில்லை.

பட்டறை போய்விட்டது, அந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். கயல் வேறொரு நாட்டில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால், மார்கழிக் குளிரிலும், "பெரியப்பா, ஏசி போடுங்க" என்று கண்ணை மூடிக்கொள்வாள். அது உறுமத் தொடங்கியதும் அவள் உதடு ஒன்று, இரண்டு என்று அசையும். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே, மூச்சை இழுத்து விட்டு.