ஷ்யாமளா டீச்சரின் வகுப்பைப் பார்த்த நாள்

“மூணாவது வரியிலேருந்து படிம்மா,” என்றாள் வகுப்பைப் பார்க்க வந்திருந்த ஃபர்ஸானா டீச்சர்.

அதீபா முதல் வரியிலிருந்து தொடங்கினாள். தடங்கலே இல்லை. ஃபர்ஸானா மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். சிறுமி விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி முதல் வரியையே சொன்னாள். பக்கத்துப் பெண்ணும் அப்படியே.

கரும்பலகை அருகே நின்ற ஷ்யாமளாவுக்கு விளங்கிவிட்டது. அவள் வகுப்புப் பிள்ளைகள் படிக்கவில்லை; ஒப்பிக்கிறார்கள்.

செம்பூரிலிருந்து பஸ் பிடித்துத் தாராவிப் பள்ளிக்கு அவள் வரத் தொடங்கியபோது தலையில் ஒரு நரை கிடையாது. அவள் ஒரு வரி சொல்ல, மூன்றாம் வகுப்பு முழுதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் தலைமையாசிரியர் சந்திரமௌலி அவளைப் புதிதாக அமைத்த ஆசிரியர் குழுவுக்குத் தலைவி ஆக்கினார். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்டதைச் சாயங்காலம் எல்லோரும் பேச வேண்டும். யாரும் முன்வரவில்லை. முதலில் என் வகுப்பைப் பாருங்கள் என்றாள் ஷ்யாமளா.

சாயங்காலம் டீ வந்தது.

“சொல்லு ஃபர்ஸானா,” என்றார் நாலாம் வகுப்பு ஜெயராம். “லீடரம்மா வகுப்புல குத்தம் உண்டா, இல்ல பஜ்ஜியத் தின்னுட்டுக் கெளம்புவோமா?”

சிரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஃபர்ஸானா டம்ளரையே பார்த்தாள்.

“நல்லா இருந்துச்சு சார். பிள்ளைங்க சத்தமாப் படிக்காங்க.”

ஷ்யாமளா தலையாட்டினால் போதும். இனி எல்லோர் வகுப்பும் ‘நல்லா இருந்துச்சு’ என்றே முடியும். குழு வாரம்தோறும் டீ குடித்துவிட்டுக் கலையும்.

“இல்லை,” என்றாள். “என் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியலை. காதால கேட்டதைச் சொல்றதுகள். இத்தனை வருஷமா எனக்குத் தெரியலை. ஃபர்ஸானாதான் கண்டுபிடிச்சா.”

பஜ்ஜித் தட்டை நோக்கி நீண்ட ஜெயராமின் கை திரும்பியது.

“அப்ப போன வருஷம் உங்ககிட்டேருந்து எனக்கு வந்த பிள்ளைங்க?” அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

“அதுகளும்தான்.”

“கணக்கையே வாசிக்காம நிக்குதுகன்னு வெளிய நிறுத்துனேனே, டீச்சர்.”



மறுநாள் அவள் வழக்கமான பஸ்ஸில் வந்தாள். மூன்றாம் வகுப்பில் கோரஸ் இல்லை. ஒவ்வொரு பிள்ளையாக மேஜைக்குக் கூப்பிட்டு எழுத்தைக் காட்டிக் கேட்டாள். மதியத்துக்குள் பாதிப் பேர்கூட முடியவில்லை. ஓய்வு பீரியடில் ஃபர்ஸானா வந்து பின்வரிசைப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள். அடுத்து யார் வகுப்பைப் பார்க்கலாம் என்று சந்திரமௌலி கேட்டார். இருவர் பெயர் கொடுத்தார்கள். ஜெயராம் லீவு போட்டிருந்தார்.