வாசலை மறித்த கலாவதி

அரியாங்குப்பத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன். வெளிநாட்டு யூதர்கள் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் வேனாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு தேடி வந்து பயிற்சி தருகிறார்கள்.

மீன் விற்கும் கலாவதி வாசலை மறித்து நிற்கிறாள். உள்ளே படுத்திருப்பவர் அவள் கணவர்.

"சும்மா யாராவது செய்வாங்களா? நாளைக்கு மதம் மாறச் சொல்லுவீங்க."

"இல்லக்கா, நானே மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறவதான்," என்கிறாள் வேனில் வந்த லாஸ்பேட்டைப் பெண்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. "அப்புறம் அவங்களுக்கு இதுல என்னம்மா லாபம்?" என்கிறேன்.

"நானும் கேட்டேன் சார். முதல்ல அவங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் செஞ்சாங்களாம். அப்புறம் கஷ்டப்படுற எல்லாருக்கும்னு ஆக்கிட்டாங்களாம்."

கலாவதி உதட்டைப் பிதுக்குகிறாள். உள்ளிருந்து குழறலாக ஒரு குரல் வருகிறது. "கலா, உள்ள வுடு. நான் எழுந்து உக்காரணும்."

அவள் முகம் மாறுகிறது. விலகி வழி விடுகிறாள். ஆனால் அந்தப் பெண்ணை ஒட்டியே உள்ளே போகிறாள்.

திறந்த கதவு வழியே பார்க்கிறேன். அந்தப் பெண் முதுகுக்குக் கைகொடுக்க, அவர் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருகிறார். தெருவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கலாவதி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"நாளைக்கும் வா. ஆனா நான் வீட்ல இருக்கறப்பதான் வரணும், சொல்லிட்டேன்."