அவள் பெயரில் நான் குறைத்த எண்

நானும் பாதுகாப்புப் பொறியாளன்தான். மதுரை கோச்சடையில், ஆஸ்பத்திரி ஒன்றின் பின்புறக் கட்டடத்தில் மூன்றாவது மாடி எங்கள் அலுவலகம். மின்சார ஆட்டோக்களுக்குள் இருக்கும் கணினியை வெளியாள் எந்த வழியாகக் குடையலாம், அதை எப்படித் தடுக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்து ஒரு மென்பொருளில் பதிவதுதான் வேலை. ஒவ்வொரு தடுப்புக்கும் ஒன்று முதல் நான்கு வரை ஓர் உறுதி நிலை கொடுக்க வேண்டும். நான்கு போட்டால், சம்பந்தமில்லாத வெளி டெஸ்டர் ஒருவர் வந்து நம் வேலையை உடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு போட்டால் நாமே பார்த்து நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த மென்பொருளில் எனக்கு லாகின் வர இரண்டு மாதம் இழுத்தது. அதனால் பக்கத்து இருக்கைப் பெண்ணை நச்சரித்து அவளுடைய பாஸ்வேர்டை வாங்கிவைத்திருந்தேன். திருப்பரங்குன்றத்திலிருந்து வருபவள், என்னைவிட ஏழு வயது இளையவள். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவாள்; என்னிடம் பேசும்போது மதுரைத் தமிழ் அப்படியே வரும். "வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்லும் ஆட்கள் நாங்கள்.

அடுத்த புராஜெக்டுக்கு அவளைத்தான் டீம் லீடாகப் போடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோவின் டிரைவர் சீட்டுக்கு அடியில் பழுது பார்ப்பதற்கான ஒரு இணைப்புத் துளை உண்டு. கேபிளைச் சொருகினால்தான் உள்ளே போக முடியும் என்றால் அதற்கு இரண்டு போதும். ஆனால் உசிலம்பட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அண்ணனின் வண்டியில், மெக்கானிக் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் சொருகி அப்படியே விட்டிருந்தார். டீக்கடையில் உட்கார்ந்தபடியே போனில் பேட்டரியைப் பார்த்துச் சொல்வார். எங்கள் பக்கம் முக்கால்வாசி வண்டிகள் இப்படித்தான். இதை அவளிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னதும் நான்தான். அவள் சிரிக்கவில்லை. கருவி அங்கேயே இருந்தால் வண்டியைத் தொடாமலே யாரும் நுழையலாமே என்று யோசித்து, இரண்டை நான்காக மாற்றி, காரணத்தையும் எழுதிவைத்தாள்.

வெளி டெஸ்டர் கிடைக்க மூன்று வாரம் ஆகும். நானோ வெள்ளிக்கிழமைக்குள் மொத்த வேலையையும் முடித்துவிடுவதாக மேனேஜரிடம் வாய் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை அவள் அக்காவின் வளைகாப்புக்கு லீவு. அவளுடைய லாகினில் நுழைந்து நான்கை இரண்டாக்கினேன். காரணம் கேட்ட கட்டத்தில் 'வண்டியைத் தொடாமல் தாக்க முடியாது' என்று எழுதினேன். அது பொய் என்று எழுதும்போதே தெரியும். அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அடுத்த மாதம் எங்கள் வாடிக்கையாளரான ஆட்டோ கம்பெனியின் ஆய்வாளர் வீடியோ காலில் அந்த வரியில் வந்து நின்றார். நான்கு எப்படி இரண்டானது என்று கேட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் மாற்றப் பதிவைத் திறந்தார். போட்டதும் அவள் பெயர், குறைத்ததும் அவள் பெயர்.

"தெரிஞ்சே கொறைச்சிருக்கியேம்மா. அதுவும் லீவு நாள்ல."

அவள் தேதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தான் இல்லை என்று சொன்னால் பாஸ்வேர்டைக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலையும் போகும். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். தாகமே இல்லை.

"அவசரத்துல மாத்திட்டேன் சார்" என்றாள்.

சாயங்காலம் படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே, "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேண்ணே" என்றாள்.

"சொன்னா ரெண்டு பேருக்குமே போயிரும்மா. யோசிச்சுப் பாரு."

"போயிருந்தாக்கூட எனக்கு இம்புட்டுக் கேவலமா இருந்திருக்காதுண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்." இறங்கிப் போய்விட்டாள்.

அவள் கொடுத்த எல்லா நிலைகளையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லி அந்த வேலையை என்னிடமே கொடுத்தார் மேனேஜர். அதற்குள் எனக்கென்று லாகின் வந்திருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்காவது ஒன்றாவது தப்பாக இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டே பார்த்தேன். இருந்த ஒரே தப்பு நான் போட்டது. அதை மறுபடி நான்காக்கினேன். குறைத்தது அவள், திருத்தியது நான் என்று பதிவில் ஏறிக்கொண்டது.

டீம் லீட் பதவி எனக்கு வந்தது. மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அவள் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் என் ஒப்புதல் வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. "அனுப்பிட்டேன் சார், பாத்துருங்க" என்று மட்டும் சொல்வாள். நான் எதையும் பார்ப்பதில்லை, சரி என்று அழுத்திவிடுகிறேன். அவள் வேலையைச் சோதிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மேனேஜரின் அறை என் மேசையிலிருந்து பத்தடி. இதுவரை நான் எழுந்து போகவில்லை.