ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த அம்மா

ஈர ரப்பரும் காய்ந்த வியர்வையும் பழைய பஞ்சும் சேர்ந்த ஒரு வாசனை. வெம்பிளியில் நாங்கள் இருந்த வீட்டின் நடைவழியில், குளிர்கால ஞாயிறு மாலைகளில், ஹீட்டருக்கு மேலே காய்ந்துகொண்டிருந்த அண்ணனின் ஹெல்மெட்டிலிருந்து அது எழும்பி, குசினியில் தாளிக்கிற கறிவேப்பிலையோடு கலந்து, வருகிற விருந்தினரை வாசலிலேயே ஒரு கணம் திகைத்து நிற்க வைக்கும். அம்மா அதை ஹெல்மெட் என்று சொன்னதே இல்லை. "அவன்ரை சட்டி" என்பார்.

கஜன் அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்குப் பதினொன்று. எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் காலால் பந்து உதைத்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் எங்கிருந்தோ அமெரிக்கன் ஃபுட்பால் மோகம் பிடித்து, பேருந்தில் ஏறிப்போய் ஒரு சிறிய கிளப்பில் சேர்ந்துவிட்டான். ஒருவன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிரணி முழுதும் பாய்ந்து அவனை விழுத்துகிற விளையாட்டு அது. முதல் நாள் பார்த்த அம்மா, "இது விளையாட்டோ, அடிபிடியோ?" என்று கேட்டார். அண்ணன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினான். "இது இருந்தா ஒண்டும் நடக்காதம்மா. இது இல்லாட்டி ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டினம்."

அம்மா நம்பினார். அண்ணனோ அளவுக்கு மீறி நம்பினான். ஹெல்மெட்டைப் போட்டதும் அவன் வேறு ஆள். குளிர்சாதனப் பெட்டியில் முட்டுவான், கதவை நெற்றியால் திறப்பான், தோழர்களைக் கண்டால் கைகுலுக்குவதற்குப் பதிலாகத் தலையோடு தலை மோதுவான். மைதானத்தில் இரண்டு ஹெல்மெட்டுகள் "டொக்" என்று மோதினால் பெற்றோர் எல்லாரும் கைதட்டுவார்கள். நானும் குதித்துக் குதித்துத் தட்டியிருக்கிறேன்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். ஆகவே ஆட்டம் பார்க்கப் போவது நானும் அம்மாவும்தான். சேலைக்கு மேலே அப்பாவின் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியும் டப்பாவில் மீன் கட்லட்டுமாக அம்மா மைதானத்தின் ஓரத்தில் மடக்குநாற்காலி போட்டு உட்காருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தூறல். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஒருவன்மேல் பாய, அவனும் அதே மாதிரிப் பாய, பெரிய "டொக்". எல்லாரும் தட்டினோம். அண்ணன் எழும்பினான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், தண்ணீர் குடிக்க எங்களிடம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றி அம்மாவின் காலடியில் வைத்தான்.

"அப்பா எங்கை?" என்று என்னிடம் கேட்டான்.

"ஷிப்டுக்குப் போட்டார், அண்ணை."

ஒரு மிடறு குடித்தான். "அப்பா வரேல்லையே?"

சொன்னேன். வாயைத் துடைத்துவிட்டு, அதுவரை என்னைப் பார்க்காதவன்போலத் திரும்பினான். "அப்பா எங்கை?"

நான் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அண்ணை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறான்."

அதற்குள் மைதானத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அவன் ஹெல்மெட்டுக்குக் குனிந்தான். அம்மா முந்திக்கொண்டார். அதைத் தூக்கி மடியில் வைத்து, கோட்டால் மூடி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"தாங்கோம்மா! நான் போகோணும்!"

"தரமாட்டன்."

பயிற்சியாளர் ஓடி வந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போதுமான அளவுதான். ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு விதி அவருக்கு நன்றாகத் தெரியும். "நோ சட்டி, நோ பிளே," என்றார். நான் நடந்ததை விளக்கினேன். பயிற்சியாளர் அண்ணனின் கண்ணை உற்றுப் பார்த்து, எதிரணி யார் என்று கேட்டார். அண்ணன் யோசித்தான். யோசித்துக்கொண்டே நின்றான். பயிற்சியாளரின் முகம் மாறியது. தன் காரிலேயே எங்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த இளம் டாக்டர் மதுரைப் பெண். "ஹெல்மெட் மண்டை உடையாம பாத்துக்கும்மா, அது கண்டிப்பா வேணும். ஆனா உள்ள மூளை குலுங்குறத அதால நிறுத்த முடியாது. இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டிருந்தா ரொம்ப ஆபத்தாயிருக்கும்."

"பஸ்ஸிலை தயிர் கொண்டு வாற மாதிரி," என்றார் அம்மா. "டிரைவர் பிரேக் போட்டா சட்டி உடையாது. தயிர்தான் உடைஞ்சுபோம்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரிக்கப் போய், தலையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீடு பூனைபோல நடந்தது. வெளிச்சமும் சத்தமும் அவனுக்கு ஆகவில்லை. அம்மா மிக்சியைத் தொடவில்லை; குக்கர் விசிலுக்குப் பயந்து பருப்பைச் சட்டியில் வேகவைத்தார். டிவி இல்லை, போன் இல்லை. பொழுதுபோகாமல் அண்ணன் என்னோடு பேசத் தொடங்கினான்; அதற்கு முன் என்னைப் 'போடி' என்பதற்கு மேல் அவன் பேசியதில்லை. தலைவலி மெல்ல மெல்ல விட்டது. நாலாவது கட்லட்டுக்குக் கை நீட்டிய அன்று, "இனிப் பிழைச்சிட்டான்," என்றார் அம்மா.

டாக்டர் அனுமதித்த பிறகு திரும்பவும் ஆடப் போனான். அம்மாவின் நிபந்தனைப்படி பந்தை உதைக்கிறவனாக மட்டும். அந்த ஆட்டத்திலும் இடைக்கிடை பந்தை உதைக்கவென்றே ஒருவன் உண்டு; அவன்மேல் யாரும் அதிகம் பாய்வதில்லை. பயிற்சியாளரும் மற்றப் பையன்களைத் தலையைக் குனிந்து மோதாமல் தோளால் மறிக்கப் பழக்கினார். முட்டிக்கொண்டு தடுமாறுகிற எந்தப் பையனையும் அவர் தன் கேள்விகளைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் அனுப்புவார். "மோர்னிங் வாட் யூ ஈட்?" என்பார் அம்மா. ஆறடிப் பையன்கள் நடுங்கிக்கொண்டு சொல்வார்கள். திக்கினால் ஹெல்மெட் அம்மாவின் மடிக்குப் போய்விடும். கையில் ஒரு கட்லட் வந்துவிடும். கட்லட்டுக்காகவே திக்கியவர்களும் உண்டு.

அந்த மைதானம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. கிளப்பும் கலைந்துவிட்டது. அண்ணன் மகளும் அதே ஆட்டம்தான் ஆடுகிறாள்; ஆனால் பந்தோடு ஓடுகிறவரை விழுத்தாமல், இடுப்பில் செருகிய துணிப்பட்டையை மட்டும் இழுக்கிற வகை, மோதலே இல்லை. போன இலையுதிர்காலத்தில் அமெரிக்க அணிகள் எங்கள் வெம்பிளியின் பெரிய ஸ்டேடியத்துக்கு ஆட வந்தபோது குடும்பமாகப் போயிருந்தோம். ஒரு வீரன் பலமாக மோதி விழுந்தான். நாங்கள் ஒருகாலத்தில் கைதட்டிய அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் தட்டவில்லை. அவ்வளவு பெரிய கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது. அவனை இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோக, ஆட்டம் திரும்பத் தொடங்கியது. எழும்பி நின்ற அம்மா பந்தைப் பார்க்கவில்லை. அவன் உள்ளே போய் மறையும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோம்மா," என்றான் அண்ணன்.

"அவன்ரை தாய் இந்த நேரம் எங்கையோ டிவிக்கு முன்னாலை எழும்பித்தான் நிப்பாள்," என்று சொன்ன பிறகே அம்மா உட்கார்ந்தார்.